கடைசிக் கை ஸ்பிரிட்

வார்னிஷ் அடிப்பவர்களை அவன் மனிதர்களில் சேர்த்ததில்லை. பிரஷ்ஷை டப்பாவுக்குள் விட்டு எடுத்து மேலும் கீழும் இழுத்துவிட்டுச் சாயந்தரம் வீட்டுக்குப் போகிறவர்கள். மரத்துக்கு மழைக்கோட்டு மாட்டிவிடுகிறார்கள் என்பான். பாலிஷ் அப்படியல்ல. அரக்கை ஸ்பிரிட்டில் கரைக்க வேண்டும். பஞ்சை வெள்ளைத் துணிக்குள் வைத்து உருண்டையாகக் கட்ட வேண்டும். அதை நனைத்து மரத்தின்மேல் வட்ட வட்டமாகத் தேய்க்க வேண்டும். காயவிட்டு மறுபடி தேய்க்க வேண்டும். இப்படிக் கைமேல் கையாகப் பல கை. ஒழுங்கான ஆளுக்கு ஒரு மேசை ஒரு வாரத்தில் முடியும். அவனுக்கு மூன்று வாரம் பிடித்தது. வாங்கிய ஸ்பிரிட்டில் பாதி மேசைக்கும் பாதி அவனுக்குமாகப் போய்க்கொண்டிருந்தது.

தெருவில் அவனைப் பாலிஷ் என்று கூப்பிட்டார்கள். தலை மறைந்த பிறகு ஸ்பிரிட்டு என்றார்கள். அவனுக்கு இரண்டும் தெரியும். இரண்டாவதைச் சொன்னவர்களையும் அவன் வார்னிஷ் கணக்கில் போட்டு வைத்திருந்தான்.

ஒரு மத்தியானம், குடித்துவிட்டு, ஸ்பிரிட் ஊறிய பஞ்சுக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தான். இருபது வருஷம் அந்தத் தொழிலில் இருந்தவன். பட்டறை போயிற்று. பரணில் படுத்திருந்த தச்சர் கீழே இறங்குவதற்குள் அவருடைய வலது கை வெந்துவிட்டது. அந்தக் கை இப்போது உளி பிடிப்பதில்லை. டீ டம்ளர் பிடிக்கும், ஆறினால்.

கோர்ட்டில் அரசு வக்கீல், "வார்னிஷ் பட்டறையில் வேலை பார்த்த இந்த நபர்" என்று ஆரம்பித்தார். "வார்னிஷ் இல்லீங்க, பாலிஷ்" என்றான் கூண்டில் நின்றவன். விசாரணை முழுவதிலும் அவன் தானாகச் சொன்னது அது ஒன்றுதான். தச்சர் கட்டுப்போட்ட கையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கம் அவன் திரும்பவில்லை. நீதிபதி மேசையின் ஓரத்தில் பாலிஷ் உரிந்திருந்ததை மட்டும் நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டான்.

சிறையில் குடியை விட்டான். பாலைவனத்தில் இருந்தவன் நீச்சலை விட்ட மாதிரி.

நல்ல நடத்தை என்று சொல்லி மிச்சத் தண்டனையை வெளியே கழிக்க விட்டார்கள். நல்ல நடத்தை என்றால் வேறொன்றுமில்லை, யாரோடும் பேசாமல் இருந்தான். பேசத் தகுந்த ஆள் அங்கே இருப்பதாக அவனுக்குத் தோன்றவில்லை. நிபந்தனை எளிமையானது. பகல் முழுவதும் மறுவாழ்வு இல்லத்துப் பட்டறையில் வேலை செய்ய வேண்டும். ராத்திரி அக்கா வீட்டில் தங்க வேண்டும். எப்போது ஊதச் சொன்னாலும், குடித்திருந்தால் காட்டிக்கொடுக்கும் மெஷினில் ஊத வேண்டும். அதில் சிவப்பு விளக்கு எரிந்தால் அன்றைக்கே உள்ளே போக வேண்டும், மிச்சத்தையும் சேர்த்துக் கழிக்க.

இல்லம் ஒரு காலத்தில் சிமெண்டு கிடங்காக இருந்தது. இப்போது சுவரெல்லாம் வாசகம். எழுந்து நில், விழுந்தவன்தான் எழ முடியும், இன்று மட்டும். வாசகம் எழுதியவன் அளவு பார்க்காமல் எழுதியிருந்தான். ஒவ்வொன்றின் கடைசி எழுத்தும் மூலையில் போய் நசுங்கியது. பாலிஷ் அங்கே போன முதல் நாள் பார்த்தது அதைத்தான்.

அங்கே ஒரு வழக்கம். வயது கணக்கில்லை. யார் முதலில் குடியை விட்டாரோ அவர் அண்ணன், பிறகு விட்டவன் தம்பி. தலை நரைத்தவர்கள் மீசை முளைத்த பிள்ளைகளை அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டு திரிந்தார்கள். பட்டறைக்குப் பொறுப்பாக இருந்த ஆலோசகர் எல்லோருக்கும் பெரிய அண்ணன். இவனைவிடப் பத்து வயதாவது சின்னவர். கழுத்துப் பட்டன்வரை போட்ட சட்டை, சட்டைப்பையில் மெஷின். அவர் முதல் நாளே இவன் தோளில் கைபோட்டு, "தம்பி, இனி இது உங்க வீடு" என்றார். தோளை அவன் மெதுவாக உருவிக்கொண்டான். அதற்குப் பிறகு யாரையும் எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே பேசுவது எப்படி என்று பழகிக்கொண்டான். "டீ வந்தாச்சு", "உப்புத்தாள் தீர்ந்துபோச்சு", "வெளியே யாரோ வந்திருக்காங்க." அவன் பேசியதைக் கேட்டால் சுவரிடம் பேசுகிறான் என்று தோன்றும்.

பெரிய அண்ணனிடம் அவனுக்குப் பிடிக்காத விஷயங்களில் முதலாவது அவருடைய சாக்கடை. நன்கொடையாளர்கள் வரும்போதெல்லாம் அவர் மேடையேறித் தான் சாக்கடையில் விழுந்து கிடந்த கதையைச் சொல்வார். முதல் கூட்டத்தில் சாக்கடை முழங்கால் ஆழம் இருந்தது. அடுத்ததில் இடுப்பளவு. வெளிநாட்டிலிருந்து ஒரு குழு வந்தபோது அவர் கழுத்துவரை மூழ்கி, ஒரு நாய் வந்து சட்டையைக் கவ்வி இழுத்தது.

"இன்னும் ரெண்டு கூட்டம் போனா கப்பல் விடலாம்" என்றான் பாலிஷ், பக்கத்தில் நாற்காலிக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தவனிடம். அவன் சிரித்துவிட்டு, போய் அண்ணனிடம் சொல்லிவிட்டான். அண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. "தம்பிக்கு நகைச்சுவை உணர்ச்சி இருக்கு. அது குணமாகிறதுக்கு அடையாளம்" என்றார். அன்றைக்குப் பாலிஷ் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை.

அக்கா வீட்டில் நிலைமை வேறு. அங்கே யாரும் அவன் குணமாவதாகச் சொல்லவில்லை. அக்கா ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். நாள் பூராவும் பிறத்தியார் சட்டையின் சுருக்கத்தை எடுத்துவிட்டு வந்து, வீட்டில் யாருடைய சுருக்கத்தையும் எடுக்க அவளுக்குத் தெம்பில்லை. தம்பிக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தாள். ஏன் போட்டாள் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பின்பக்கத்து அறையில் பழைய சைக்கிளுக்கும் தண்ணீர் டிரம்முக்கும் நடுவில் அவனுக்கு ஒரு கட்டில். கட்டிலுக்கடியில் ஒரு தகரப் பெட்டி.

அக்கா புருஷன் பஸ் டிரைவர். முகச்சவரம் செய்துவிட்டுப் பூசிக்கொள்ளும் லோஷனைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். இருமல் மருந்தையும் பூட்டினார். ஒருநாள் அவசரமாக வேலைக்குக் கிளம்பியவர் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"மாமா, அந்த லோஷன் குடிச்சா ஏறாது. வாய்தான் மணக்கும்."

"உனக்குத் தெரியாம இருக்குமா, மாப்ளே. ஆராய்ச்சி பண்ணவன் ஆச்சே."

"ரெண்டு பேரும் வாயை மூடிட்டுக் கிளம்புங்க" என்றாள் அக்கா.

அவ்வளவுதான் அந்த வீட்டில் பேச்சு. ஆனால் சாப்பாடு மூடி வைக்கப்பட்டிருக்கும். பின்கதவு தாழ்ப்பாள் போடாமல் இருக்கும். பஸ் டிரைவர் குறட்டை விடும் சத்தம் சுவரைத் தாண்டி வரும். அதைக் கேட்டபடி படுத்திருப்பது சிறையில் படுத்திருப்பதைவிட மேல் என்பதை அவன் ஒப்புக்கொண்டதில்லை. ஆனால் ஊதும் மெஷினைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு நினைவு வந்தது சிறைக் கதவு இல்லை, அந்தக் குறட்டைதான்.

இல்லத்தின் பொருளாளர் அம்மாள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் பாலிஷ் போடும் வேலை வந்தது. பதினாறு பேர் உட்காரும் மேசை. வாசல் வழியாக வெளியே வராது. மேசையைச் செய்து வைத்துவிட்டு வீட்டைக் கட்டியிருக்க வேண்டும். அதனால் வேலையை அங்கேயே போய்ச் செய்யும்படி ஆயிற்று. கண்காணிக்கப் பெரிய அண்ணனும் கூடப் போனார்.

அம்மாளுக்கு மறுவாழ்வில் நம்பிக்கை உண்டு, மேசையில் அதைவிட அதிகம். "இது எங்க மாமனார் காலத்து மேசை. நீங்க எல்லாம் திருந்தி வந்திருக்கீங்க, சந்தோஷம். இதுல கீறல் மட்டும் விழக் கூடாது" என்றார். திருந்தியவன் மேசையின் கீழ்ப்பக்கத்தைத் தடவிப் பார்த்தான். யாரோ அங்கே வார்னிஷ் அடித்திருந்தார்கள். மாமனாரைப் பற்றி அவனுக்கு ஓர் அபிப்பிராயம் வந்தது.

பழைய மேல்பூச்சைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, கைமேல் கையாக அரக்கு ஏற்றினான். பெரிய அண்ணன் தினமும் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்தார். மேசைக்கும் அவருக்கும் நடுவில் அந்த அறையின் முழு அகலமும் இருந்தது. ஜன்னலைத் திறந்தே வைத்திருப்பார். மழைச் சாரல் அடித்த நாளிலும் மூடவில்லை. பேப்பர் நனைந்தது. பாலிஷ் அதைப் பார்த்தான். மழை வந்தால் ஜன்னலை மூடக்கூடத் தெரியாத ஆளிடம்தான் நம் தலையெழுத்து இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

கடைசி நாள் வந்தது. அன்று சாயந்தரம் அதே மேசையில் இல்லத்துக் கமிட்டி கூடுவதாக ஏற்பாடு. மேசையைக் காட்டி, செய்த ஆளையும் நிறுத்திக் காட்டுவதாக அம்மாள் சொல்லியிருந்தார். நல்ல சட்டை போட்டுக்கொண்டு வரச் சொன்னார். அவன் வேலைச் சட்டையோடுதான் போனான்.

கடைசிக் கையில் அரக்குக் கிடையாது. வெறும் ஸ்பிரிட். தேய்க்கும்போது உருண்டை ஒட்டாமல் இருக்கத் தொட்டுக்கொண்ட எண்ணெய் மேலே மங்கலாகப் படிந்து நிற்கும். அதைப் புது உருண்டையில் கொஞ்சமாக ஸ்பிரிட் தொட்டு எடுத்துவிட வேண்டும். அப்போதுதான் பளபளப்பு வெளியே வரும். ஈரம் கூடிவிட்டால் இத்தனை நாள் ஏற்றிய அரக்கெல்லாம் கரைந்து சேறாகிவிடும். குறைந்தால் தேய்த்தும் பிரயோஜனமில்லை. ஈரம் சரியா என்று பார்க்கப் பாலிஷ்காரர்கள் உருண்டையை உதட்டில் வைத்துப் பார்ப்பார்கள். ஈரம் தெரியக் கூடாது, குளிர்ச்சி மட்டும் தெரிய வேண்டும். புறங்கையில் வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. அவன் பட்டறையில் எல்லோரும் உதடுதான். இல்லத்தில் அதற்கு வழியில்லை. அங்கே செய்த ஸ்டூல், நாற்காலிகளுக்கு இந்தக் கடைசிக் கை தேவைப்பட்டதும் இல்லை.

மத்தியானத்துக்குள் மேசையின் பாதி முடிந்துவிட்டது. ஜன்னல் பக்கத்துப் பாதி மங்கலாக இருந்தது. இந்தப் பாதியில் மின்விசிறி சுற்றுவது தெரிந்தது. அவன் கீழே காகிதத்தின்மேல் இருந்த பாட்டிலைத் திறந்து உருண்டையில் ஊற்றினான், பிழிந்தான், உதட்டில் வைத்தான்.

"எடுடா அதை!"

பெரிய அண்ணன் பேப்பரைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். தம்பி, நீங்க, வாங்க எல்லாம் போயிற்று.

"வாயில வச்சே. பார்த்தேன்."

பாலிஷ் உருண்டையைக் கீழே இறக்கினான்.

"காலையில இருந்து எத்தனை தடவை? நான் பேப்பர் திருப்பறப்ப எல்லாம் நடந்துதா?"

அவன் உருண்டையைக் காகிதத்தின்மேல் வைத்தான்.

"ஊது."

சட்டைப்பையிலிருந்து மெஷின் வந்தது. அவன் அதைப் பார்த்தான், ஊதினான். உதட்டில் ஸ்பிரிட் இன்னும் காயவில்லை. மெஷின் ஒரு நொடி யோசித்தது. பிறகு சிவப்பு விளக்கு எரிந்தது, கீச்கீச்சென்று கத்தியது.

சத்தம் கேட்டு அம்மாள் வந்தார். மேசையைத்தான் முதலில் பார்த்தார்.

"பாதி அப்படியே இருக்கே?"

"குடிச்சிருக்கார்மா" என்றார் பெரிய அண்ணன்.

"இங்கேயேவா? என் வீட்டிலயா?" அம்மாள் கொஞ்சம் பின்வாங்கி நின்றார். "கமிட்டி ஆறு மணிக்கு வருதே. மிச்சத்தை யார் செய்வாங்க?"

அம்மாள் உள்ளே போய் யாருக்கோ போன் போட்டு மேசை விரிப்பு ஒன்று பெரிதாகக் கிடைக்குமா என்று கேட்பது கேட்டது.

இப்போது ஒரு வார்த்தை போதும். இது ஈரம் பார்க்கிற முறை, வேண்டுமென்றால் எந்தப் பாலிஷ்காரனையாவது கேட்டுப் பாருங்கள் என்று சொன்னால் முடிந்தது. அவன் சொல்லவில்லை. சாக்கடைக்காரனுக்குத் தொழில் சொல்லித்தருவதா? பட்டன் போட்டவனிடம் நின்று நான் குடிக்கவில்லை என்று மூக்கைச் சிந்துவதா? கோர்ட்டில் நின்ற அதே நிலையில் நின்றான், தாடையைத் தூக்கிக்கொண்டு. அதைப் பார்த்தால் குற்றமற்றவன் என்று யாருக்கும் தோன்றாது. திமிர் என்று தோன்றும். திமிர்தான்.

பெரிய அண்ணன் நன்னடத்தை அதிகாரியின் ஆபீசுக்குப் போன் போட்டார். அதிகாரி சாப்பிடப் போயிருக்கிறார், வந்ததும் கூப்பிடுவார் என்றார்கள். அடுத்து ஜாமீன் போட்டவருக்குச் சொல்ல வேண்டும். கடையில் இருந்த அக்காவுக்குப் போட்டார். அவருடைய போன் பழையது. மறுமுனையில் பேசுவது அறை முழுக்கக் கேட்கும்.

"அம்மா, உங்க தம்பி விஷயமா பேசறேன். மெஷின்ல சிவப்பு வந்திருக்கு."

இஸ்திரிப் பெட்டியை வைக்கும் சத்தம் கேட்டது.

"சரி" என்றாள் அக்கா.

"நான் ரொம்ப வருத்தப்படறேன்மா."

"நீங்க எதுக்கு வருத்தப்படறீங்க? போலீஸ் வீட்டுக்கு வருமா, அங்கேயே வந்து கூட்டிட்டுப் போகுமா?"

"இங்கேயேதான்மா வருவாங்க."

"நல்லதாப் போச்சு. நான் வீட்டுக்குச் சாப்பிடப் போறப்ப அவன் பெட்டியை வெளியே எடுத்து வச்சிடறேன். வேற யாராவது வந்து எடுத்துக்கட்டும்."

"அவர்கிட்ட ஏதாவது பேசறீங்களா?"

"என்ன பேசறது? மதியத்துக்குக் கட்டிக் குடுத்தேன். சாப்பிட்டானான்னு கேளுங்க. அந்த டப்பா எனக்கு வேணும்."

போன் வைக்கப்பட்டது.

அவள் குடித்தானா என்று கேட்கவில்லை. திட்டவுமில்லை. திட்டியிருந்தால் அதையும் ஒரு கணக்கில் சேர்த்திருப்பான். நடந்து முடிந்த விஷயத்தைப் பேசுவது போலப் பேசிவிட்டுச் சட்டைகளிடம் திரும்பிப் போய்விட்டாள். இத்தனை மாதம் பின்கதவைத் தாழ் போடாமல் வைத்திருந்தவள், ஒவ்வொரு நாளும் இந்த போனுக்காகத்தான் காத்திருந்திருக்கிறாள். அவனுக்கு முதல் தடவையாக அவளை எந்தக் கணக்கிலும் போட முடியவில்லை.

அவன் ஜன்னலைப் பார்த்துச் சொன்னான்.

"கால் மணி நேரம் கழிச்சு மறுபடி ஊதலாம்னு விதி இருக்கு."

"இருக்கு" என்றார் பெரிய அண்ணன். "வாயைக் கொப்பளிச்சிட்டு, கால் மணி கழிச்சு. வாயில பட்டதா உள்ள போனதான்னு அப்பத் தெரியும். நான்தான் அந்த விதியைச் சொல்லித்தந்தேன். ஊதறவன் கேட்டாத்தான் உண்டு."

"அப்ப ஊதறேன்."

"அது கேக்கறது இல்ல. சொல்றது."

மின்விசிறி மேசையின் பளபளத்த பாதியில் சுற்றிக்கொண்டிருந்தது.

"மறுபடி ஊதலாமா?"

"யாரைக் கேக்கறே? ஜன்னலையா?"

அவன் திரும்பினான். அவர் முகத்தை இத்தனை நாளில் அவன் நேராகப் பார்த்ததில்லை. மூக்கின் இரண்டு பக்கமும் சிவப்பு நரம்புகள் ஓடின. சாக்கடை கதையாக இருந்தாலும் நரம்பு கதையில்லை.

"உன்னைத்தான் கேக்கறேன்."

"உன்னையா?" பெரிய அண்ணன் மூக்கால் சிரித்தார். "சரி, போ. இதுவே பெரிசு. கொப்பளிச்சிட்டு வா."

கொப்பளித்துவிட்டு வந்தான். இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். ஒரே நாற்காலிதான் இருந்தது. அவன் தரையில் உட்கார்ந்தான். மெஷின் இருவருக்கும் நடுவில் ஜன்னல் விளிம்பில் இருந்தது.

"எதுக்கு உதட்டுல வச்சே?"

"ஈரம் பார்க்க."

"கையில பார்க்க முடியாதா?"

அவன் புறங்கையைத் திருப்பிப் பார்த்தான். "முடியும்."

"பின்னே?"

"பழக்கம்."

"எந்தப் பழக்கம்?"

இதைக் கேட்கும் உரிமை இந்த ஆளுக்கு இல்லை என்று அவனுக்குத் தோன்றியது. அதே நேரத்தில், கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்றும் தெரிந்தது. பட்டறையில் சேர்ந்த புதிதில் உதட்டில்தான் வைத்தான். பிறகு உதட்டை நக்கினான். பிறகு உருண்டையைப் பிழிந்தான். பிறகு பாட்டில். இன்று காலையிலிருந்து முதல் பாதி மேசைக்கு அவன் புறங்கையில்தான் ஈரம் பார்த்தான். அது நன்றாகவே தெரிந்தது. பாதி முடிந்த பிறகுதான் கை மேலே போயிற்று. யாரும் பார்க்காதபோது போகவில்லை, அண்ணன் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே போயிற்று. தொழில் தெரியாத பயல், பார்த்தால் பார்க்கட்டும் என்று நினைத்தது நினைவிருந்தது. அந்த நினைப்பின் நிழலில் உதடு பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டது. மற்றவனைக் கேவலமாக நினைப்பதில் மும்முரமாக இருக்கிறவனின் சட்டைப்பையில் யார் வேண்டுமானாலும் கைவிடலாம்.

"எப்படி இருந்துச்சு?" என்றார் அண்ணன், அவனைப் பார்க்காமல்.

"சில்லுனு."

"அவ்வளவுதானா?"

"இனிச்சுது."

அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் மேடை இல்லை.

"எனக்கு அந்த வாசனையே ஆகாது" என்றார். "இந்த ஜன்னலை எதுக்குத் திறந்து வச்சு உக்காந்திருக்கேன்னு நினைச்சே?"

"ஜன்னல் மூடத் தெரியாதுன்னு நினைச்சேன்."

"நினைப்பே. நீ நினைப்பே."

அந்த நேரத்தில் அவருடைய போன் அடித்தது. திரையைப் பார்த்தார். நன்னடத்தை அதிகாரி சாப்பிட்டு முடித்துவிட்டார். கால் மணி ஆக இன்னும் இருந்தது. எடுத்தால் சொல்ல வேண்டும், சொன்னால் ஜீப் கிளம்பிவிடும், பிறகு மெஷின் என்ன சொன்னாலும் அது வேறொரு நாளில் வேறொரு மேசையில் பேச வேண்டிய விஷயம். எடுக்காவிட்டால் அது அவர் வேலைக்கு ஆகாது. பெரிய அண்ணன் போனைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தார். கட்டைவிரல் பச்சை வட்டத்துக்கு மேலே நின்றது. மணி அடித்து ஓய்ந்தது.

"எதுக்கு எடுக்கலை?" என்றான் பாலிஷ்.

"உன் மேல நம்பிக்கையில இல்ல. அப்படி எதுவும் நினைச்சுக்காதே. விதின்னா கால் மணி. அதுக்கு முன்னாடி நான் யாருக்கும் பதில் சொல்ல மாட்டேன்."

"நினைக்கலை."

"உன்னை எனக்குப் பிடிக்காது. தெரியுமில்ல?"

"தெரியும்."

"நீ என் சாக்கடையைப் பத்திப் பேசினதால இல்ல. அது கொஞ்சம் கூடத்தான் போயிடுச்சு." அவர் பேப்பரை எடுத்து மடித்தார். "நாய் வந்தது நிஜம்."

"கவ்விச்சா?"

"மோந்து பார்த்துட்டுப் போயிடுச்சு."

பாலிஷுக்குச் சிரிப்பு வந்தது. வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டான். நாய்க்காவது கொஞ்சம் ரசனை இருந்திருக்கிறது.

அம்மாள் எட்டிப் பார்த்தார். "இன்னும் போலீஸ் வரலையா? விரிப்பு கிடைக்கல. கிடைச்சது வட்டமா இருக்கு."

"அஞ்சு நிமிஷம்மா" என்றார் பெரிய அண்ணன்.

நேரமானதும் அவர் மெஷினின் குழாயை மாற்றினார். அவன் ஊதினான். சிறைக்குப் போகிற ஒருவன் மூச்சை எவ்வளவு நீளமாக விட முடியுமோ அவ்வளவு நீளமாக விட்டான். மெஷின் யோசித்தது. பச்சை எரிந்தது. சைபர்.

பெரிய அண்ணன் சைபரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை. அதிகாரிக்குப் போன் போட்டு, "வாயில பட்டுடுச்சு சார், ரெண்டாவது ஊதல் சைபர், எழுதி அனுப்பறேன்" என்றார். மறுமுனையில் சத்தமாக ஏதோ சொன்னார்கள், ஏன் போன் எடுக்கவில்லை என்பது பற்றி. அவர் "சரிங்க சார், சரிங்க சார்" என்று கேட்டுக்கொண்டார். பிறகு அக்காவுக்குப் போட்டார்.

"அம்மா, சைபர் வந்துடுச்சு. அவர் குடிக்கல."

அவள் சாப்பிட வீட்டுக்கு வந்துவிட்டாள் போல, தட்டை வைக்கும் சத்தம் கேட்டது.

"பெட்டியை இழுத்து வெளியே வச்சுட்டேனே" என்றாள் அக்கா. "இடுப்பு பிடிச்சுக்கிச்சு. வந்து அவனையே உள்ள எடுத்து வச்சுக்கச் சொல்லுங்க."

போன் வைக்கப்பட்டது. பெரிய அண்ணன் அவனைப் பார்த்தார். "டப்பா கேட்டாங்க" என்றார்.

பாலிஷ் எழுந்து மேசைக்குப் போனான். உருண்டை காய்ந்து விறைத்துப்போயிருந்தது. அதைத் தூர எறிந்துவிட்டுப் புதுப்பஞ்சைப் புதுத் துணியில் சுற்றினான். கீழே பாட்டில் இருந்தது. அவன் குனிந்து அதை எடுக்கவில்லை. காலால் கொஞ்சம் அண்ணன் பக்கமாகத் தள்ளினான்.

"இது அங்க இருக்கட்டும்."

"எங்க?"

"உன் கையில. நான் கேக்கறப்ப ஊத்து."

பெரிய அண்ணன் ஜன்னலைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். "நான் சொன்னேன் இல்ல, எனக்கு அந்த வாசனை..."

"எனக்கும்தான்" என்றான் பாலிஷ்.

அவர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் கட்டினார். முடிச்சு சரியாக விழவில்லை, மறுபடி கட்டினார். வங்கிக் கொள்ளைக்கு வந்து வழி தவறியவன் மாதிரி இருந்தது. பிறகு குனிந்து பாட்டிலை எடுத்தார். பல் முளைக்காத குழந்தை நனைத்துவிட்ட துணியைப் பிடிப்பது போல, உடம்பிலிருந்து எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். பாட்டிலுக்குள் ஸ்பிரிட் ஆடியது. இருவரும் அதைப் பார்த்தார்கள். இருவரும் உடனே வேறு பக்கம் பார்த்தார்கள்.

"மூடியைத் திற."

திறந்தார்.

"இதுல ஊத்து. கொஞ்சம்."

ஊற்றினார். உருண்டை நனைந்து, துணி தாண்டி, பாலிஷின் மணிக்கட்டில் வழிந்து முழங்கையிலிருந்து சொட்டியது. பொருளாளர் அம்மாளின் தரையில் ஒரு சின்னக் குளம்.

"கொஞ்சம்னேன்."

"இது கொஞ்சம் இல்லையா?"

"இதுல மேசையைத் தொட்டா இத்தனை நாள் வேலையும் சேறு."

"நீ சரியாச் சொல்லலை."

"வார்னிஷ்" என்றான் பாலிஷ், உருண்டையைப் பிழிந்தபடி.

"என்னது?"

"ஒண்ணுமில்ல. இன்னும் ரெண்டு சொட்டு. ரெண்டுதான்."

பெரிய அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பாட்டிலைச் சாய்த்து, சொட்டுகளை எண்ணினார்.